அப்பாவுக்காக வாங்கிய டிரெட்மில்: பழைய வண்ணாரப்பேட்டை வீடு ஒன்றின் நிகழ்வு ஆய்வு

வீடுகளுக்கே சென்று இயன்முறை சிகிச்சை அளிப்பது என் வேலை. தண்டையார்பேட்டை, ராயபுரம், கொருக்குப்பேட்டை, வியாசர்பாடி என்று வடசென்னைக்குள்தான் பெரும்பாலும் சுற்றுகிறேன். முதுகுவலிக்கோ பக்கவாதத்துக்கோ பார்க்கப் போன வீட்டில், கிளம்பும் நேரத்தில் யாராவது ஒருவர் செல்போனில் ஒரு படத்தைக் காட்டி, "மேடம், இந்த மெஷின் வாங்கலாமா?" என்று கேட்பார்கள். மெஷினை மட்டும் பார்த்து இதற்குப் பதில் சொல்ல முடியாது என்பதற்குத் தெளிவான ஓர் உதாரணம் ஒரு வீட்டில் கிடைத்தது. குடும்பத்தாரின் ஒப்புதலோடு அதை இங்கே பதிவு செய்கிறேன். அடையாளம் தெரியக்கூடிய விவரங்களை மாற்றியிருக்கிறேன்.

பின்னணி

பழைய வண்ணாரப்பேட்டையில் ஒரு குறுகலான தெரு. கீழ்த்தளத்தில் வாடகைக்கு ஒரு குடும்பம், முதல் மாடியில் வீட்டு உரிமையாளரின் குடும்பம். அப்பாவுக்கு 63 வயது; துறைமுகத்தில் கிரேன் இயக்குபவராக வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். அம்மாவுக்கு 58. மகன் ஐ.டி. நிறுவனத்தில் ஷிப்ட் வேலைக்குப் போகிறார். மருமகளுக்கு 31 வயது, கைக்குழந்தை இருக்கிறது.

அப்பாவுக்குப் பதினான்கு வருடமாகச் சர்க்கரை நோய். மாத்திரை தவறாமல் போடுவார். 2024 செப்டம்பரில் எடுத்த எச்பிஏ1சி பரிசோதனையில் 8.4 வந்தது. கடந்த இரண்டு மூன்று மாதங்களின் சராசரி சர்க்கரை அளவைச் சொல்லும் பரிசோதனை இது. 6.5-ஐத் தொட்டாலே சர்க்கரை நோய் என்று எடுத்துக்கொள்வார்கள். மருத்துவர் மாத்திரையைக் கூட்டி எழுதியதோடு, "நடக்கிறீங்களா?" என்றும் கேட்டிருக்கிறார்.

நடந்துகொண்டிருந்தவர்தான். ஓய்வு பெற்ற நாளிலிருந்து தினமும் சாயங்காலம் திருவொற்றியூர் நெடுஞ்சாலை வரை நடந்து போய், பழைய துறைமுகச் சகாக்களோடு டீ குடித்துவிட்டு வருவது வழக்கம். 2024 நடுவில் தெருவில் மழைநீர் வடிகாலுக்குப் பள்ளம் தோண்டினார்கள். ஒருநாள் அந்தப் பள்ளத்தின் ஓரத்தில் தடுமாறி விழப் பார்த்திருக்கிறார். இன்னொரு நாள் செருப்பு காலிலிருந்து கழன்று போனதே தெரியாமல் நான்கைந்து எட்டு வைத்திருக்கிறார். அதோடு நடை நின்றுபோனது. ரோடு மோசம், அதனால்தான் அப்பா நடப்பதில்லை என்று வீட்டில் எல்லோரும் முடிவு கட்டிவிட்டார்கள்.

அந்த வீட்டில் இன்னொரு நம்பிக்கையும் இருந்தது: "அவர் உழைச்ச உடம்பு." முப்பது வருடத்துக்கு மேல் துறைமுகத்தில் இருந்தவர் என்பதால் அப்படித் தோன்றுவது இயல்பு. ஆனால் கிரேன் இயக்குபவர் ஏணியில் ஏறிப் போய் உட்கார்ந்தால், ஷிப்ட் முடியும் வரை பெரும்பாலும் உட்கார்ந்த வேலைதான். 1953-ல் ஜெரமி மோரிஸ் என்ற மருத்துவர் லண்டன் பேருந்து ஊழியர்களை ஆராய்ந்து வெளியிட்ட முடிவு இதையேதான் சொன்னது. நாள் முழுக்க மாடிப்பேருந்தில் ஏறி இறங்கிய நடத்துநர்களைவிட, உட்கார்ந்தே ஓட்டிய ஓட்டுநர்களுக்குத்தான் இதய நோய் அதிகம் வந்தது. கடினமான வேலை என்பதாலேயே உடம்பு அசைந்திருக்கும் என்று சொல்லிவிட முடியாது.

வாங்கிய விதம்

2024 அக்டோபரில் தீபாவளித் தள்ளுபடி விற்பனையின்போது மகன் ஆன்லைனில் ஒரு டிரெட்மில் வாங்கினார். விலை 32,000 ரூபாய்க்குச் சற்றுக் குறைவு. பன்னிரண்டு மாதத் தவணை. ரோடு சரியில்லை, அப்பா நடக்க வேண்டும், அதனால் ரோட்டை வீட்டுக்குள் கொண்டு வந்துவிடலாம் என்பது அவர் கணக்கு. அக்கறையோடு போட்ட கணக்கு அது. அதில் விடுபட்டது, அப்பா தடுமாறியதற்கு ரோடுதான் காரணமா என்ற கேள்வி.

விளம்பரத்தில் பெரிய எழுத்தில் "4 எச்பி பீக்" என்று போட்டிருந்தார்கள். எச்பி என்பது மோட்டாரின் குதிரைத்திறன். பீக் என்பது மோட்டார் சில நொடிகள் மட்டும் எட்டக்கூடிய உச்சம். வாங்குகிறவர் பார்க்க வேண்டியது தொடர்ந்து ஓடும்போது மோட்டார் தரும் சக்தியை. இந்த மெஷினில் அது 2 எச்பி என்று கையேட்டின் கடைசிப் பக்கத்தில் இருந்தது. வீட்டில் நடப்பதற்கு அது போதும். என்றாலும் 4 என்று நம்பி வாங்கியவருக்கு அது 2 என்று தெரிந்திருக்க வேண்டும்.

எங்கே வைப்பது என்பதிலும் சிக்கல் வந்தது. கீழ்த்தளத்தில் பின்பக்க அறை ஒன்று இவர்கள் வசம் காலியாக இருந்தது. ஆனால் 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலில் அந்த அறையில் முழங்கால் அளவு தண்ணீர் நின்றிருக்கிறது. டிரெட்மில்லின் மோட்டாரும் கண்ட்ரோல் போர்டும் முன்பக்க மூடிக்குள், தரையிலிருந்து சில அங்குல உயரத்தில்தான் இருக்கும். ஒரு மழைக்கே போய்விடும். அதனால் மாடி ஹால்தான் என்று முடிவானது. மாடிப்படி வளைவில் மெஷின் திரும்பவில்லை. கடைசியில் நான்கு பேர் கயிறு கட்டி பால்கனி வழியாகத் தூக்கி உள்ளே இறக்கினார்கள். இந்த விவரத்தை ஏன் எழுதுகிறேன் என்றால், இப்படி ஏற்றிய ஒரு பொருளை விற்பதற்கும் திருப்பி அனுப்புவதற்கும் அதே நான்கு பேரும் கயிறும் வேண்டும். வடசென்னையில் பல வீடுகளில் மெஷின் மூலையில் கிடப்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

கவனித்தவை

2024 டிசம்பரில் அந்த வீட்டுக்கு என்னை அழைத்தது அம்மாவின் முழங்கால் வலிக்காக. நான் போன நேரம் காலை ஏழு மணி இருக்கும். அப்பா டிரெட்மில்லில் நடந்துகொண்டிருந்தார், டி.வி.யில் செய்தி ஓடிக்கொண்டிருந்தது. இரண்டு கைகளாலும் கைப்பிடியை இறுகப் பிடித்து, உடம்பை முன்பக்கம் சாய்த்து நடந்தார். காலில் ஒன்றும் இல்லை, வெறுங்கால்.

வீட்டுக்குள் செருப்பு போடுகிற பழக்கம் நமக்குக் கிடையாது. அந்த ஹாலிலேயே சாமி மாடமும் இருந்தது. ஆகவே அவர் வெறுங்காலோடு ஏறியதில் வியப்பில்லை. யாருக்கும் அது தவறாகவே தோன்றவில்லை. கையேட்டில் காலணி அணியச் சொல்லிப் படம் போட்டிருந்தார்கள். கையேடு பிளாஸ்டிக் உறைக்குள்ளேயே இருந்தது.

கறுப்பு பெல்ட்டின் மேல், வலது கால் பதிகிற இடத்தில், ஈரம் காய்ந்த மாதிரி ஒரு பழுப்புத் தடம் வரிசையாகத் தெரிந்தது. மெஷினை நிறுத்தச் சொல்லிவிட்டு, அவரை உட்கார வைத்துப் பாதத்தைத் திருப்பிப் பார்த்தேன். வலது கால் பெருவிரலின் அடியில், பந்து போன்ற பகுதியில், ஒரு ரூபாய் நாணயம் அளவுக்குக் கொப்புளம் உடைந்திருந்தது. சுற்றிலும் தோல் வெள்ளையாகத் தடித்திருந்தது. நடுவில் சிவப்பு. அவருக்கு அது இருப்பதே தெரியவில்லை.

"எறும்பு கிறும்பு கடிச்சிருக்கும் டாக்டரம்மா. எனக்கு ஒண்ணும் வலிக்கலையே," என்றார்.

வலிக்காததுதான் பிரச்சினை. கால் எப்படி இருக்கிறது என்று கேட்டபோது, "கொஞ்ச நாளா மதமதன்னு இருக்குது, பஞ்சு மேல நடக்கிற மாதிரி," என்றார். என் பையில் எப்போதும் மோனோஃபிலமென்ட் வைத்திருப்பேன். அது ஒரு மெல்லிய நைலான் இழை. தோலில் வைத்து அழுத்தும்போது 10 கிராம் விசையில் வளைந்துவிடும். அந்தத் தொடுகையை உணர முடியவில்லை என்றால், பாதத்தைக் காப்பாற்றும் உணர்வு குறைந்துவிட்டது என்று பொருள். கண்ணை மூடச் சொல்லிப் புண் இல்லாத இடங்களில் வைத்துப் பார்த்தேன். விரல்களிலும் முன்பாதத்திலும் ஓரிடத்தில்கூட அவருக்குத் தெரியவில்லை. குதிகாலுக்கு மேல்தான் "இங்கே, இங்கே" என்று சொல்லத் தொடங்கினார்.

பள்ளத்தின் ஓரத்தில் தடுமாறியதும் செருப்பு கழன்றது தெரியாததும் இதனால்தான். பல வருடச் சர்க்கரையால் பாதத்து நரம்புகள் உணர்விழந்திருந்தன. ரோடு மோசமாகத்தான் இருந்தது. ஆனால் நல்ல ரோட்டிலும் அவர் தடுமாறியிருப்பார்.

பெல்ட்டைக் கையால் தூக்கி உள்ளே விரலை விட்டுப் பார்த்தேன். காய்ந்து கிடந்தது. பெல்ட்டுக்கும் அடிப்பலகைக்கும் நடுவே சில மாதங்களுக்கு ஒருமுறை சிலிகான் எண்ணெய் விட வேண்டும். விடாவிட்டால் உராய்ந்து சூடேறும், மோட்டாரும் திணறும். மெஷினோடு வந்த எண்ணெய் பாட்டில் சீல் உடைக்காமல் இருந்தது. சூடான பெல்ட், வெறுங்கால், உணர்வில்லாத பாதம், முன்பக்கம் சாய்ந்து நடப்பதால் முன்பாதத்தில் விழுகிற பாரம் ஆகிய நான்கும் சேர்ந்துதான் அந்தக் கொப்புளம் என்பது என் கணிப்பு.

முதல் முடிவு: நடையை நிறுத்துவது

அன்றைக்கே நடையை முழுவதுமாக நிறுத்தச் சொன்னேன். மகனிடம் பேசி, அதே நாள் அரசு மருத்துவமனையின் சர்க்கரை நோயாளிகளுக்கான பாதப் பிரிவுக்கு அனுப்பினேன். அப்பாவுக்கு இது மிகையாகப் பட்டது. "நடந்தாத்தானே சுகர் குறையும்னு சொன்னாங்க? இப்ப நடந்தா தப்பா?" என்று கேட்டார்.

நியாயமான கேள்வி. வலி தெரிகிற மனிதர் புண்ணான காலை ஊன்ற மாட்டார்; உடம்பே தடுத்துவிடும். வலி தெரியாதவர் அதே இடத்தை நாளெல்லாம் மிதித்துக்கொண்டே இருப்பார். புண் ஆழமாகும், கிருமி எலும்பு வரை போகும். விரலை எடுப்பதிலும் காலை எடுப்பதிலும் முடிகிற பல கதைகளின் தொடக்கம் இத்தனை சிறிய கொப்புளம்தான். இதை அவருக்கு உட்கார்ந்து விளக்கினேன். பயமுறுத்தாமல் சொல்ல வேண்டும், அதே சமயம் குறைத்தும் சொல்லக் கூடாது. அவர் அதிகம் பேசவில்லை. ஆனால் சட்டையை மாட்டிக்கொண்டு மகனோடு கிளம்பிவிட்டார்.

மருத்துவமனையில் புண்ணைச் சுத்தம் செய்து, பாரம் விழாதபடி தனிக் காலணி கொடுத்து, கட்டு மாற்ற வரச் சொன்னார்கள். மருந்துகளையும் மாற்றினார்கள். புண் ஆற ஏழு வாரம் ஆனது. எலும்பு வரை போகாமல் தப்பியது.

விற்பதா, வைத்திருப்பதா

புண் ஆறிக்கொண்டிருந்த ஜனவரியில் வீட்டில் அந்த டிரெட்மில்லைப் பார்க்கவே யாருக்கும் பிடிக்கவில்லை. அம்மா அதன் கைப்பிடியில் துண்டு காயப் போட ஆரம்பித்திருந்தார். மகன் விற்பதற்கு விசாரித்தார். வாங்கி மூன்று மாதம்தான் ஆகியிருந்தது. கிடைத்த அதிகபட்ச விலை 9,000 ரூபாய், அதுவும் இறக்கும் கூலி நம்முடையது. தவணை இன்னும் ஒன்பது மாதம் பாக்கி.

என்னிடம் கருத்துக் கேட்டார்கள். ஒரு மாதம் பொறுத்துப் பார்க்கலாம் என்றேன். காரணம், மருமகள்.

அதற்கு முந்தைய வாரம் நான் கிளம்பும்போது அவர் மாடிப்படி வரை கூட வந்து, குரலைத் தாழ்த்தி, "மேடம், பால் கொடுக்கிறவங்க இதுல நடக்கலாமா?" என்று கேட்டார். தாராளமாக நடக்கலாம் என்றேன். அப்புறம்தான் விஷயம் வெளியே வந்தது. நவம்பரிலிருந்தே இரவு ஒன்பதரை மணிக்கு மேல், குழந்தை தூங்கியதும், அவர் அதில் நடந்துகொண்டிருந்திருக்கிறார். மாமாவுக்காக வாங்கிய மெஷின், தவணை கட்டிக்கொண்டிருக்கும் மெஷின், அதில் தான் ஏறுவதை யாராவது ஏதாவது சொல்வார்களோ என்று யாரிடமும் சொல்லவில்லை. கீழ்வீட்டுக்காரர்கள் ஒருமுறை "ராத்திரியில தொம் தொம்முனு சத்தம் வருது" என்று சொன்ன பிறகு, வேகத்தைக் குறைத்து மெதுவாக நடந்திருக்கிறார்.

பகலில் ஏன் வெளியே போய் நடக்கவில்லை என்று கேட்டேன். காலையில் சமையல், பிறகு குழந்தை, அத்தைக்கு முழங்கால் வலி என்பதால் கடைக்கும் இவர்தான். சாயங்காலம் கணவர் ஷிப்டுக்குக் கிளம்பிவிடுவார். தனக்கென்று கிடைக்கிற நேரமே குழந்தை தூங்கிய பிறகுதான். அந்த நேரத்தில் தெருவில் இறங்கித் தனியாக நடக்க முடியாது.

பிரசவ காலத்தைப் பற்றிக் கேட்டபோது இன்னொரு முக்கியமான தகவல் கிடைத்தது. கர்ப்பமாக இருந்தபோது அவருக்குச் சர்க்கரை இருந்திருக்கிறது. பிரசவத்துக்குப் பிறகு தானாகவே சரியாகிவிட்டது என்று விட்டுவிட்டார்கள். கர்ப்பகாலச் சர்க்கரை வந்த பெண்களுக்குப் பின்னாளில் நிரந்தரமாகச் சர்க்கரை நோய் வருவதற்கான வாய்ப்பு மற்றவர்களைவிடப் பல மடங்கு அதிகம். பிரசவமான சில வாரங்களில் ஒருமுறையும், அதன்பின் குறிப்பிட்ட இடைவெளிகளிலும் பரிசோதிக்க வேண்டும். அவர் ஒருமுறைகூடப் பரிசோதிக்கவில்லை. குழந்தைக்குத் தடுப்பூசி போடத் தவறாமல் போனவர், தன் ரத்தத்தைக் கொடுக்கப் போகவில்லை.

அந்த வீட்டில் எல்லோரும் அப்பாவின் சர்க்கரையைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தார்கள். வராமல் தடுக்க வாய்ப்புள்ள ஒருவர் அதே ஹாலில் இருப்பது யார் கண்ணிலும் படவில்லை. இந்த நிகழ்வில் என்னை மிகவும் பாதித்தது இதுதான்.

இரண்டாவது முடிவு: மெஷின் யாருக்கு

மருமகளின் சம்மதத்தோடு, குடும்பம் முழுவதையும் உட்கார வைத்துப் பேசினேன். மெஷினை விற்க வேண்டாம், அது இனி மருமகளுக்கு என்று சொன்னேன். மகன் உடனே ஒத்துக்கொண்டார். அம்மா, "இத்தனை நாளா ஒளிஞ்சு ஒளிஞ்சு ஏம்மா நடந்தே?" என்று மருமகளைக் கடிந்துகொண்டார். அப்பாவுக்கும் அதில் ஒரு நிம்மதி தெரிந்தது. தனக்காகச் செய்த செலவு வீணாகப் போகவில்லை என்று.

ஆனால் சில மாற்றங்கள் செய்த பிறகே ஏற வேண்டும் என்று சொல்லி, ஒவ்வொன்றாகச் செய்தோம்.

பெல்ட்டுக்கு எண்ணெய் விட்டோம். மெஷினுக்கு அடியில் தடித்த ரப்பர் விரிப்பு போட்டோம். 1,400 ரூபாய் ஆனது. கீழே சத்தம் குறைந்துவிட்டது என்று கீழ்வீட்டு அம்மா சொன்ன பிறகே வழக்கமான வேகத்துக்குப் போனோம். எக்ஸ்டென்ஷன் பாக்ஸில் சொருகியிருந்த ஒயரை மாற்றி, எர்த் உள்ள 16 ஆம்பியர் பிளக்கில் நேரடியாகச் சொருக எலக்ட்ரீஷியனை வைத்து ஏற்பாடு செய்தார்கள். மின்சாரச் செலவு பற்றி அம்மாவுக்குக் கவலை இருந்தது. அரை மணி நேர நடைக்கு அரை யூனிட்கூட ஆகாது.

காலணி விஷயத்தில் அம்மா தயங்கினார். சாமி மாடம் இருக்கிற ஹாலில் ஷூவா என்று. ஒரு ஜோடி கேன்வாஸ் ஷூவைப் புதிதாக வாங்கி, அதை வெளியே போட்டுப் போவதே இல்லை என்றும், மெஷின் மேலேயே மாட்டி மெஷின் மேலேயே கழற்றுவது என்றும் பேசி முடித்தோம். அதன்பின் அவர் மறுக்கவில்லை.

குழந்தை தவழ்ந்து, பிடித்து நிற்கிற வயது. ஓடும் பெல்ட்டின் பின்முனையில் சின்னக் கை சிக்கினால் தோல் உரிந்துவிடும். ஆகவே நடந்து முடித்ததும் சிவப்புப் பாதுகாப்புச் சாவியை எடுத்துச் சாமி மாடத்தின் மேல்தட்டில் வைப்பது, பிளக்கையும் பிடுங்கிவிடுவது என்று வழக்கமானது. குழந்தை விழித்திருக்கும்போது மெஷின் ஓடக் கூடாது.

எவ்வளவு நேரம் நடப்பது என்பதிலும் அவருக்கு ஒரு தயக்கம் இருந்தது. அரை மணி நேரம் தொடர்ந்து கிடைக்காத நாளில் நடந்து பயனில்லை என்று நினைத்து விட்டுவிடுவார். உலக சுகாதார நிறுவனம் 2020-ல் வெளியிட்ட வழிகாட்டுதல்படி வயது வந்தவர்களுக்கு வாரம் 150 முதல் 300 நிமிடம் மிதமான உடலுழைப்பும், இரண்டு நாளாவது தசைக்கான பயிற்சியும் வேண்டும். பத்து நிமிடத்துக்குக் குறைந்தால் கணக்கில் வராது என்ற பழைய நிபந்தனையை அதில் எடுத்துவிட்டார்கள். ஆகவே குழந்தை எப்போது தூங்குகிறதோ அப்போது எட்டு நிமிடம் நடந்தாலும் அது கணக்கில் சேரும். இதைச் சொன்னபோது அவர் முகத்தில் ஒரு தெளிவு வந்தது. திரையில் காட்டுகிற கலோரியைப் பார்க்க வேண்டாம் என்றும் சொன்னேன். அந்த மெஷின் ஏறுகிறவரின் எடையையே கேட்பதில்லை. எல்லோருக்கும் ஒரே கணக்கைத்தான் காட்டுகிறது. கைப்பிடியைப் பிடிக்காமல் நடந்து, பேச முடிகிறது ஆனால் பாட முடியவில்லை என்கிற வேகம் வந்தால் சரி.

மூன்றாவது முடிவு: அப்பாவுக்கு என்ன

இந்த இடத்தில் மகன் மறுபடியும் ஒரு மெஷின் வாங்கத் தயாராக இருந்தார். உட்கார்ந்து மிதிக்கிற சைக்கிள், 14,000 ரூபாய். பாதத்தில் பாரம் விழாது என்பதால் அது தவறான யோசனை இல்லை. ஆனால் வாங்கும் முன் சோதித்துப் பார்க்கலாம் என்று சொன்னேன். கொடுங்கையூரில் இருந்த உறவினர் வீட்டில் நாற்காலிக்கு முன்னால் வைத்து மிதிக்கிற சின்ன பெடல் ஒன்று சும்மா கிடந்தது. புண் ஆறி, மருத்துவர் அனுமதித்த பிறகு, அதை வாங்கி வந்து தினமும் பதினைந்து நிமிடம் மிதிக்கச் சொன்னோம்.

மூன்று வாரத்தில் நிறுத்திவிட்டார். உடம்புக்கு முடியாமல் இல்லை. "ஆள் இல்லாம சும்மா மிதிச்சினு இருக்கிறது நமக்கு ஆவாதும்மா," என்றார். யோசித்துப் பார்த்தால், அவருடைய பழைய நடை முழுக்க டீக்கடையில் காத்திருந்த நண்பர்களுக்காக நடந்த நடை. எந்த மெஷினிலும் அது கிடையாது. 14,000 ரூபாய் மிச்சமானது ஒரு பக்கம். அவருக்கு எது வேண்டும் என்பது தெரிந்தது அதைவிடப் பெரியது.

ஆகவே அவரைத் திரும்பத் தெருவுக்கே அனுப்பினோம், பாதத்துக்குப் பாதுகாப்போடு. சர்க்கரை நோயாளிகளுக்கென்று மெத்தென்ற நுண்துளை ரப்பரில் செய்யும் எம்.சி.ஆர். செருப்பு, பின்வார் வைத்தது, கழன்று போகாது. தினமும் இரவு அம்மாவோ மகனோ அவர் பாதத்தை டார்ச் அடித்துப் பார்க்க வேண்டும். வடிகால் வேலை முடிந்து தெரு மூடப்பட்டிருந்தது. முதல் இரண்டு வாரம் மகன் கூடப் போனார். பிறகு நண்பர்களில் ஒருவர் வீட்டுக்கே வந்து அழைத்துப் போக ஆரம்பித்தார். மழைநாளில் சாப்பாட்டுக்குப் பிறகு பத்து நிமிடம் ஹாலில் இங்கும் அங்கும் நடக்கிறார், வீட்டுக்கென்று வைத்திருக்கிற இன்னொரு ஜோடி எம்.சி.ஆர். செருப்போடு. சாப்பிட்டபின் நடப்பது உணவுக்குப் பிந்தைய சர்க்கரை ஏற்றத்தைக் குறைக்கும்.

அம்மாவின் முழங்காலுக்கு மெஷின் எதுவும் தேவைப்படவில்லை. நாற்காலியிலிருந்து கையூன்றாமல் எழுந்து உட்காருவது, சுருட்டிய துண்டை முழங்காலுக்கு அடியில் வைத்து அழுத்துவது, 350 ரூபாய் ரப்பர் பேண்டைக் கணுக்காலில் மாட்டி இழுப்பது. அவ்வளவுதான். ஒழுங்காகச் செய்தார்.

பரணில் இருந்தவை

பேண்டைத் தொங்கவிட ஆணி தேடிய நாளில் அம்மா பரணைத் திறந்து காட்டினார். இடுப்பைச் சுற்றிக் கட்டினால் வியர்க்க வைக்கிற பெல்ட், அதிர்கிற பெல்ட், நின்று திரும்புகிற வட்டத் தட்டு, வயிற்றுக்கான உருளை. பத்து வருடத்தில் வெவ்வேறு பேர் வாங்கியவை. மொத்தம் போட்டால் டிரெட்மில்லின் விலையில் கால் பங்கு வரும்.

இவற்றைப் பற்றி என் கருத்தை ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன். வியர்வை பெல்ட்டில் குறைவது தண்ணீர் மட்டுமே. ஒரு சொம்பு தண்ணீர் குடித்தால் எடை திரும்பிவிடும். அதிர்வு பெல்ட் உங்களை ஆட்டுகிறது, நீங்கள் ஆடுவதில்லை. உங்கள் தசை வேலை செய்யாததால் அந்த ஆட்டத்தில் கொழுப்பு கரையாது. வயிற்றில் மட்டும் கொழுப்பைக் குறைக்கும் பயிற்சி என்று ஒன்று கிடையாது. 2002-ல் அமெரிக்காவில் மின்சாரத் துடிப்பால் வயிற்றைக் குறைப்பதாக விளம்பரம் செய்த மூன்று பெல்ட்டுகள் மீது அந்நாட்டு வர்த்தக ஆணையம் பொய் விளம்பரம் என்று வழக்கே தொடுத்தது. அதே வகைப் பொருளை இன்றும் இங்கே விற்கிறார்கள். உருளை மட்டும் உண்மையான கருவிதான், ஆனால் முதுகுவலிக்காரர்களுக்கும் புதிதாகத் தொடங்குபவர்களுக்கும் அது கடினம்.

நம்மை அசைய வைக்கிற கருவிக்குத்தான் பணம் கொடுக்கலாம். நமக்குப் பதிலாகத் தான் அசைகிற கருவிக்கு வேண்டாம். ரப்பர் பேண்ட், ஒரு ஜோடி டம்பெல், நல்ல காலணி ஆகிய மூன்றும் நான் தயங்காமல் சொல்பவை. பெரிய மெஷின்களை ஆளைப் பார்த்துத்தான் சொல்வேன்.

பின்விளைவு

2025 ஆகஸ்டில் எல்லோரையும் மறுபடி பார்த்தேன். அப்பாவின் எச்பிஏ1சி 7.5. மருந்தும் மாறியிருப்பதால் இதில் நடையின் பங்கு எவ்வளவு என்று பிரிக்க முடியாது. பாதத்தில் புதுப் புண் இல்லை. உணர்வு திரும்பவில்லை, இத்தனை வருடமான பாதிப்பில் அதை எதிர்பார்க்கவும் இல்லை.

மருமகளுக்குப் பிப்ரவரியில் எடுத்த முதல் பரிசோதனையில் எச்பிஏ1சி 6.1. அதாவது சர்க்கரை நோய் இன்னும் வரவில்லை, ஆனால் எல்லையில் நிற்கிறார். மெஷினோடு சாப்பாட்டிலும் கவனம் வைத்தார். குழந்தை மிச்சம் வைப்பதைச் சாப்பிடுவதை நிறுத்தினார், இரவு சாப்பாட்டை முன்னால் தள்ளினார். ஆகஸ்டில் 5.7, எடை நான்கு கிலோ குறைந்திருந்தது. பெரும்பாலான வாரங்களில் ஐந்து நாள் நடந்திருக்கிறார். குழந்தைக்குக் காய்ச்சல் வந்த மாதத்தில் ஏறவே இல்லை. அப்புறம் திரும்பத் தொடங்கினார். பெல்ட்டுக்கு இப்போது எண்ணெய் விடுவதும் அவர்தான்.

மாற்றிச் செய்யக்கூடியவை

மெஷின் வாங்கும் முன்பே ஒரு கேள்வி எழுந்திருந்தால் இந்தக் கொப்புளம் வந்திருக்காது: அவர் ஏன் நடப்பதை நிறுத்தினார்? பதில் "ரோடு" என்று வந்தால், இன்னும் ஒரு படி கீழே போய்க் கேட்க வேண்டும். தெருவில் மற்ற எல்லோரும் நடக்கும்போது இவர் மட்டும் ஏன் தடுமாறினார்? சர்க்கரை நோயாளி என்றால், நடைக்கான எந்தக் கருவியில் ஏற்றும் முன்பும் பாதத்தின் உணர்வைப் பரிசோதிக்க வேண்டும். ஐந்து நிமிட வேலை.

இரண்டாவது, வாங்கும் முன் ஒரு மாதம் அந்தப் பயிற்சியைக் கருவி இல்லாமலோ இரவல் கருவியிலோ செய்து பார்ப்பது. அப்பாவின் விஷயத்தில் இரவல் பெடல் மூன்று வாரத்தில் சொன்னதை, 32,000 ரூபாய் டிரெட்மில் ஒரு புண்ணைக் கொடுத்த பிறகும் சொல்லவில்லை.

மூன்றாவது, வீட்டில் யாருக்கு வெளியே போக வழியில்லை என்று பார்ப்பது. வெளியே போய் நடக்க முடிகிறவருக்கு மெஷின் பெரும்பாலும் தேவையில்லை. போக முடியாதவர் பல வீடுகளில் கேட்க மாட்டார். நாம்தான் கேட்க வேண்டும். இப்போது ஒரு வீட்டில் யாராவது "வாங்கலாமா" என்று கேட்டால், கேட்கிறவரோடு நிறுத்தாமல், சமையலறையில் இருக்கிறவரிடமும் கர்ப்ப காலத்தில் சர்க்கரை இருந்ததா என்று விசாரிக்கிறேன்.

மருமகளுக்கு அடுத்த பரிசோதனை 2026 பிப்ரவரியில். அப்பாவின் பாதப் பரிசோதனையும் அதே வாரத்தில் வருகிறது. இருவரும் ஒன்றாகப் போவதாக முடிவு செய்திருக்கிறார்கள்.